அயர்லாந்துக்கு முதல் பயணமா? மோஹர் பாறைகளை அப்புறம் பார்க்கலாம்

அயர்லாந்து போய் வந்த யாரிடம் போட்டோ கேட்டாலும் மூன்று வரும்: மோஹர் பாறை விளிம்பு, கறுப்பு பியர், ஆளே இல்லாத பச்சை மேய்ச்சலில் நாலு செம்மறியாடு. முதல் இரண்டை விடுங்கள். மூன்றாவதில் ஏன் ஆளே இல்லை? 1841 கணக்கெடுப்பில் அந்தத் தீவில் ஏறக்குறைய 82 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று தெற்கையும் வடக்கையும் சேர்த்துக் கூட்டினாலும் 70 லட்சத்துச் சொச்சம்தான். 180 வருஷம் கழித்தும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பாத நாடு. காரணம், 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சம். அதனால் என் யோசனை, அந்தப் பஞ்சத்திலிருந்து ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

படி 1: விசா

அயர்லாந்து ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா வட்டத்தில் இல்லை. ஐரோப்பிய விசா கையில் இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள், தனி விசா வேண்டும். இன்னொன்று, வடக்கு அயர்லாந்து பிரிட்டனுக்குள் இருக்கிறது. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, பஸ் பாட்டுக்குப் போகும், ஆனால் சட்டப்படி அந்தப் பக்கத்துக்கும் உங்களுக்கு அனுமதி வேண்டும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் என்று ஒன்று உண்டு; அந்தக் குறிப்போடு விசா கிடைத்தால் ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம், ஆனால் விசா கொடுத்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: கிளம்புமுன் இரண்டு சின்னப் புத்தகங்கள்

ஜேம்ஸ் ஜாய்ஸின் தடித்த நாவல் 'யுலிசீஸ்' படித்துவிட்டுத்தான் போவேன் என்று அடம்பிடித்தால் பயணம் நடக்காது. ஜாய்ஸில் 'டப்ளினர்ஸ்' போதும், 15 சிறுகதைகள், 1914-ல் வந்தது. கடைசிக் கதையை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சம்மதம். இன்னொன்று கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்', ஒரே மாலையில் முடிந்துவிடும். கன்னியாஸ்திரீகள் நடத்திய சலவைக்கூடங்களில் பெண்களை அடைத்து வேலை வாங்கிய கதை. அந்தச் சலவைக்கூடங்களில் கடைசி ஒன்று மூடப்பட்டது 1996-ல். அதாவது நம்மில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

படி 3: முதல் நாள், ஆற்றங்கரை

டப்ளினில் இறங்கிய முதல் காலை லிஃபி ஆற்றங்கரையில் கஸ்டம் ஹவுஸ் பக்கம் நடந்து போங்கள். எலும்பும் தோலுமாக வெண்கல மனிதர்கள், கப்பலை நோக்கி நடக்கிற தோரணையில் நிற்பார்கள். ரோவன் கில்லெஸ்பி செய்தது. ஒருவன் தோளில் ஒரு குழந்தை, துவண்ட ஆட்டுக்குட்டியைப் போட்ட மாதிரி கிடக்கும். பீடம் கிடையாது, தரையிலேயே நிற்கிறார்கள், ஆபீஸ் போகிறவர்கள் காபிக் கோப்பையோடு அவர்களுக்கு நடுவே புகுந்து போவார்கள்.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடும். 1852 வரைக்கும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், குறைந்தது இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த வருஷங்களிலும் தானியமும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. லண்டனில் நிவாரணப் பணத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெலியன். அயர்லாந்தில் அந்தப் பெயர் இன்றைக்கும் வசவு மாதிரிதான். அதே ஆள் 1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்தார். சென்ட்ரல் பக்கம் ரிப்பன் மாளிகை, மூர் மார்க்கெட் எல்லாம் எழும்பியது அவர் போட்ட மக்கள் பூங்காவின் நிலத்தில்தான். இங்கே பூங்கா போட்டவர், அங்கே வசவு. அந்தச் சிலைகளுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

படி 4: 1916

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் ஓ'கானல் தெருவும் அதில் பெரிய தபால் நிலையமும். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள், அதன் வாசலில்தான் பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அந்தக் கிளர்ச்சி ஆறே நாளில் அடங்கியது. தெருக்கோடியில் ஓ'கானல் நினைவுச்சின்னத்தின் அடியில் சிறகு வைத்த பெண் உருவங்கள் உண்டு, அவற்றில் குண்டு துளைத்த ஓட்டைகளைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் கில்மெய்னம் சிறை. இங்கே மட்டும் ஒரு எச்சரிக்கை: வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், டிக்கெட் 28 நாள் முன்னாடியே இணையத்தில் வரும், வந்ததும் தீர்ந்துவிடும். நான் முதல் தடவை சும்மா போய், மழையில் வாசலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியவன்.

உள்ளே கல் உடைக்கும் முற்றத்தில் இரண்டு கறுப்புச் சிலுவைகள், இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. அந்தக் கிளர்ச்சிக்காக பிரிட்டிஷார் 14 பேரைச் சுட்ட இடம். 13 பேருக்கு ஒரு சிலுவை, ஜேம்ஸ் கானலிக்கு மட்டும் தனியாக ஒன்று. காயத்தால் நிற்க முடியாத அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். சுடப்பட்டவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கட்டுக்கும் கிரேஸ் கிஃபர்டுக்கும் இந்தச் சிறையின் தேவாலயத்தில்தான் கல்யாணம், விடிந்தால் பிளங்கட்டுக்கு மரணம். ஏழு வருஷம் கழித்து, விடுதலைக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரில், அதே கிரேஸை அதே சிறையில் அடைத்தது வெள்ளைக்காரன் இல்லை, சொந்த நாட்டு அரசு. அவர் சுவரில் வரைந்த மாதா படத்தை அறையின் கதவு வழியாகப் பார்க்கலாம்.

வெளியே வந்து ஹூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறுகிறீர்களா? அதுவும் இங்கே சுடப்பட்ட ஒருவரின் பெயர்தான், வயது 25. கானலி, பியர்ஸ் பெயரிலும் நிலையங்கள் உண்டு.

படி 5: இலக்கியத்துக்கு ஒரு நாள்

ஓவியம் நிறைந்த பழைய பைபிள் கையெழுத்துப் பிரதியான கெல்ஸ் புத்தகத்துக்கு டிரினிட்டி கல்லூரியில் டிக்கெட், வரிசை எல்லாம் உண்டு. பார்க்கலாம். ஆனால் நேரம் குறைவென்றால் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீனில் உள்ள இலக்கிய அருங்காட்சியகத்துக்கே போங்கள், 'யுலிசீஸ்' நாவலின் முதல் பிரதி அங்கே இருக்கிறது. தேசிய நூலகத்தில் யேட்ஸ் கண்காட்சி இலவசம். தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதிய அதே யேட்ஸ். பக்கத்திலேயே லிங்கன் பிளேஸில் ஸ்வெனி என்ற பழைய மருந்துக்கடை. 'யுலிசீஸ்' கதாநாயகன் ப்ளூம் எலுமிச்சை சோப்பு வாங்கிய கடை. இப்போது மருந்து கிடையாது, தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஜாய்ஸை வாய்விட்டு வாசிக்கிறார்கள், சோப்பு இன்னும் விற்கிறார்கள்.

படி 6: பப், பாட்டு, கழிப்பறைக் கதவு

குடிக்காதவர்களும் போகலாம், டீ கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். பாட்டு நடக்கிற மூலையில் காலியாக இருக்கும் நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள், அது இன்னும் வந்து சேராத பிடில்காரருக்கு. நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் எல்லாருக்கும் வாங்கினால் அடுத்த சுற்று உங்களுடையது. இதை மறந்தவரை ஊரே ஞாபகம் வைத்திருக்கும்.

கழிப்பறைக் கதவில் சில இடங்களில் ஐரிஷ் மட்டும்தான் இருக்கும். 'எம்' என்று ஆரம்பிக்கிற 'ம்னா' பெண்களுக்கு, 'எஃப்' என்று ஆரம்பிக்கிற 'ஃபிர்' ஆண்களுக்கு. இங்கிலீஷ் பழக்கத்தில் முதல் எழுத்தைப் பார்த்து நுழைந்த என் நண்பர் நுழைந்த வேகத்திலேயே வெளியே வந்தார்.

படி 7: கால்வே, அப்புறம் வடக்கு

கால்வேயில் இசை, கடல், எல்லாம் உண்டு. நம்மவர்கள் தெரிந்துகொள்ள இன்னொரு பெயரும் உண்டு. 2012-ல் அங்கே, கருச்சிதைவு நடந்துகொண்டிருந்தபோது கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, ரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோன சவிதா ஹலப்பனவர், கர்நாடகத்துப் பல் மருத்துவர். 2018 பொதுவாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தபோது டப்ளினில் அவர் முகம் வரைந்த சுவரில் ஜனங்கள் வந்து வந்து துண்டுச் சீட்டு ஒட்டினார்கள்.

கடைசி இரண்டு நாளை வடக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஃபாஸ்ட் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பெரும்பாலும் அயர்லாந்தோடு சேர விரும்பும் கத்தோலிக்கத் தெருவுக்கும் பிரிட்டனோடேயே இருக்க விரும்பும் புராட்டஸ்டண்ட் தெருவுக்கும் நடுவே இன்னும் மதில் நிற்கிறது, சில கதவுகளை ராத்திரி பூட்டுகிறார்கள். இரு தரப்பு மோதலை முடிக்க வந்த 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகும்தான். டெர்ரியில் 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. அந்த ஊரை டெர்ரி என்பதா லண்டன்டெர்ரி என்பதா என்பதே அரசியல். எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லிவிடுங்கள். யாரிடமும் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்காதீர்கள், டாக்சிக்காரர் தானாகவே சொல்வார், அதுவும் நிறையவே.

டெர்ரியிலிருந்து டப்ளின் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். எல்லை என்று எந்தப் பலகையையும் தேட வேண்டாம். வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், சாலையோரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், ஊர்ப் பெயருக்கு மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ் வந்து உட்காரும். தூங்கிவிட்டால் தவறவிடுவீர்கள்.