கொரோனா பூஸ்டர் ஊசியா? வியாழக்கிழமைதான்

2022 ஆகஸ்டில் என் தம்பிக்கு 24 வயது. தங்கச்சிமடத்தில் விசைப்படகுத் தொழில். "அது வயசானவங்களுக்குத்தானேக்கா?" என்றே நாளைக் கடத்திக்கொண்டிருந்தான். அப்படி இல்லை. 2022 ஏப்ரல் 10 முதலே 18 வயது நிரம்பிய யாரும் பூஸ்டர், அதாவது மூன்றாவது ஊசி, போட முடிந்தது. அப்போது தனியாரில் மட்டும், காசுக்கு. அந்த ஆண்டு ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை அரசு மையங்களில் இலவசமாகப் போட்டார்கள்.

முதலில் தடுப்பூசிச் சான்றிதழைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஊசி போட்ட தேதிதான் கணக்கு. அதிலிருந்து 26 வாரம் ஆகியிருக்க வேண்டும். முன்பு 9 மாதம் என்றிருந்ததை ஜூலையில் 6 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பலர் அதன் பிறகும் பழைய கணக்கிலேயே காத்திருந்தார்கள். தம்பி பிப்ரவரி 20 அன்று போட்டான், ஆகஸ்ட் 21 முதல் அவனுக்குத் தகுதி. ஏப்ரல் 1க்குள் இரண்டாவது ஊசி போட்டவர்களுக்கு செப்டம்பர் 30க்குள் 26 வாரம் நிறைந்து இந்த இலவசம் கிடைத்தது. நடுவில் கொரோனா வந்து தேறியிருந்தால் 3 மாதம் பொறுக்க வேண்டியிருந்தது.

முன்பு கோவிஷீல்டு போட்டவருக்கு கோவிஷீல்டு, கோவாக்சின் போட்டவருக்கு கோவாக்சின். 2022 ஆகஸ்ட் முதல் இரண்டு பேருக்குமே கோர்பேவாக்ஸ் என்ற வேறு தடுப்பூசியும் போட அனுமதித்தார்கள்.

முந்தைய ஊசிக்குக் கொடுத்த பழைய செல் நம்பரும் அதே அடையாள அட்டையும் வேண்டியிருந்தது. தம்பி அன்று கொடுத்திருந்தது சித்தப்பா நம்பர். அவர் இப்போது தோஹாவில். குறுஞ்செய்தி எதுவும் இவனுக்கு வரவே இல்லை. வீட்டிலேயே இதைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் கிழமை. அப்போது நடந்த ஞாயிறு தடுப்பூசி முகாமில் போட்டால் திங்கள் விடியலில் கடலுக்குப் போக வேண்டும். காய்ச்சல் வந்தால் நடுக்கடலில் என்ன செய்வது? புதன் போன படகு வியாழன் காலை கரைக்கு வந்துவிடும். குளித்துச் சாப்பிட்டுவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், வெள்ளி ஓய்வு. கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 பேருக்கு மருந்து, திறந்தால் 4 மணி நேரம்தான் தாங்கும். அதனால் படகுக்காரர்கள் சேர்ந்து போனால் நர்ஸம்மா ஆள் சேரும்வரை காத்திருக்கச் சொல்ல மாட்டார். ஒரே படகில் ஆறேழு பேர் இரவெல்லாம் தோளோடு தோள் கிடக்கிறீர்கள். பழைய ஊசியின் பலம் மாதம் ஆக ஆகக் குறையும். ஒருவர் மட்டும் போட்டால் போதாது, தம்பிகளா.

தம்பி ஆகஸ்ட் 25ஆம் தேதி வியாழன் போட்டான். அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து அனுப்பினார்கள். வெள்ளி முழுக்கக் கைவலி, லேசான காய்ச்சல், ஒரு பாராசிட்டமால். சனிக்கிழமை மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய்விட்டான்.