நீலம் பாரித்த கத்தி

போன வாரம் இலங்கை மலையகத்தின் வெலிமடைப் பக்கத்துத் தம்பி ஒருவன் பத்திரிகைத் தாளில் சுற்றிய கத்தியோடு வந்தான். தாளைப் பிரித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்ல கத்தி. லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, முதுகு கனம், பிடி கைக்குள் அடங்கி உட்கார்ந்தது. ஆனால் வெட்டும் வாய் நெடுக, பாம்பு கடித்த உடம்பு மாதிரி நீலம் பாரித்திருந்தது.

"சின்னதா ஒரு பல்லு போயிருந்துச்சு அண்ணே. கிரைண்டர்ல பிடிச்சுச் சரிபண்ணிட்டேன். இப்ப என்னன்னா கூரே நிக்க மாட்டேங்குது."

22 வயதில் நான் செய்த அதே வேலை. இந்த வருசத்தில் இப்படி வந்த நான்காவது கத்தி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கையை அறுத்துக்கொள்ளாதே, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வை என்பதெல்லாம் இங்கே இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும். பிரியமாக வைத்திருக்கும் கத்தியில் ஒரு பழுதைக் கண்டதும் பதறிப்போய் நாம் செய்கிற காரியங்கள்தான் விசயம். பழுதைவிட அவைதான் கத்தியை அதிகம் கொன்றிருக்கின்றன.

கறுப்பைத் துரு என்று நினைத்துச் சுரண்டுவது

தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணும், அதாவது கிளை வெட்டிக் கழிக்கும், கத்தி நாலு நாள் மலைக்குப் போய்வந்தால் கறுத்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் எமெரித் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஒரு இரும்பு ஆணியைப் பிளேன்டீக்குள் போட்டு வைத்து மறுநாள் பாருங்கள், மை மாதிரி இருக்கும்.

பழந்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். செம்மண் போலத் தூள் வந்தால் அது துரு, கவனிக்க வேண்டியதுதான். ஒன்றும் வராமல் கறுப்பு அப்படியே இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கறுப்பு ஓரளவுக்குக் கத்தியைக் காக்கவும் செய்யும். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால், எமெரி போட்ட கீறல்களுக்குள் ஈரம் தங்கி, அட்டன் மழைக்கு இரண்டே நாளில் உண்மையான துரு வந்து உட்காரும்.

வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் ஒரு துளி தடவினால் போதும். தேங்காயெண்ணெயே நன்றாக வேலை செய்கிறது. நுவரெலியாவில் அது போத்தலுக்குள் கட்டியாகிக் கிடக்கும். விரலில் கொஞ்சம் எடுத்தால் கைச்சூட்டில் இளகிவிடும்.

பல் விழுந்த வாயைக் கிரைண்டரில் காய்ச்சுவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் என்மேல்தான்.

என் அப்பா கவ்வாத்துக்காரர். இப்போது சில தோட்டங்களில் அந்த வேலைக்கு மெஷின் வந்துவிட்டது. அப்போது எல்லாமே கத்திதான். கவ்வாத்து வெட்டு ஒரே வீச்சில் சுத்தமாக விழ வேண்டும். தோல் கிழிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். அதனால் அப்பா தினமும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகும் முன் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) குந்தி, கல்லில் கால் மணி நேரமாவது தீட்டுவார். அந்தக் கல் சத்தத்தில்தான் நாங்கள் கண்விழிப்போம்.

ஒருநாள் தூருக்கடியில் மறைந்திருந்த கல்லில் பட்டு வாயில் ஒரு பல் விழுந்தது. பச்சரிசி அளவுதான். "ஞாயித்துக்கிழமை பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு கத்தியோடு போய்விட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். டவுனில் ஒரு வேர்க்ஷொப்பில் எடுபிடியாக இருந்தேன், அங்கே மோட்டார்க் கல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் சரிசெய்து வைத்து அசத்தலாம் என்று எடுத்துப் போனேன். மத்தாப்பூ மாதிரிப் பொறி பறந்தது. ஐந்து நிமிசத்தில் பல் மறைந்துவிட்டது. வாயோரம் நீலமும் ஊதாவுமாக மயில்கழுத்து போல மின்னியது. எனக்கு அது அழகாகக்கூடப் பட்டது. வாளித் தண்ணீரில் முக்கினேன், 'சுர்' என்றது. பெரிய ஆசாரி ஆகிவிட்ட நினைப்பு.

அப்பா கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மலைக்கு எடுத்துப்போனார். பத்துச் செடி தாண்டுவதற்குள் வாய் தகரம் மாதிரி மடங்கிவிட்டதாம். சாயங்காலம் அதை என் முன்னால் வைத்துவிட்டு, "கத்தியச் சுட்டுத் தின்னுட்டியேடா" என்றார். அதற்குப் பிறகும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

என்ன நடந்தது? கத்தி அடிக்கும் பாஸ் (கொல்லரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) முதலில் இரும்பைச் செக்கச்செவேலென்று, காந்தம் ஒட்டாத சூடுவரை காய்ச்சுகிறார். காந்தம் விடுவது 770 பாகை செல்சியஸ் வாக்கில். அதற்குச் சற்று மேலே போய் எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்க்கிறார். அந்த நிமிசத்தில் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிறது: கடினம், ஆனால் தட்டினால் தெறிக்கும். பிறகு அதையே மெல்லச் சூடாக்கி, கடினத்தைக் கொஞ்சம் குறைத்து உறுதியைக் கூட்டுகிறார். எங்கே நிறுத்துவது என்பதை நிறம் சொல்லும். சுமார் 220 பாகையில் வெளிர் வைக்கோல் நிறம், 260ஐ நெருங்கும்போது பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். வெட்டுக்கத்திக்கு வைக்கோலுக்கும் பழுப்புக்கும் நடுவே எங்கோ நிறுத்துவார்கள். அதுதான் பதம்.

கிரைண்டரில் நீலம் வரும்வரை பிடிக்கிறவர், பாஸ் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து காய்ச்சுகிறார். சூட்டை வாங்கிக்கொள்ள முதுகில் கனம் இருக்கிறது. தாள் மாதிரி மெலிந்த வாயில் என்ன இருக்கிறது? ஒன்றிரண்டு வினாடி போதும். கத்தியின் மற்ற இடமெல்லாம் கையால் தொடலாம் போல இருக்கும்போதே வாய் வெந்திருக்கும்.

"தண்ணியில முக்குனேனே அண்ணே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தம்பியும் சொன்னான். 300 பாகையில் இருந்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் ஆறும், அவ்வளவே. போன கடினம் திரும்பாது. அது திரும்ப வேண்டுமானால் மறுபடி செக்கச்செவேலென்ற சூட்டுக்குப் போக வேண்டும். இன்னும் சிலர் நீலத்தை எமெரியால் தேய்த்து எடுத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்கிறார்கள். அந்த நிறம் மேலே படிந்த மெல்லிய படலம். தேய்த்தால் படலம் போகும், வாய் வெந்தது வெந்ததுதான். பழைய கத்தி வாங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். வாயோரம் மட்டும் புதுசாய்ப் பளபளத்தால் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

(துருப்பிடிக்காத ஸ்டீலில் நிறக் கணக்கு இப்படியே வராது. அங்கே நிறம் பிந்தித்தான் தெரியும். அதற்காகக் காய்ச்சலாம் என்று அர்த்தம் இல்லை.)

சரி, பல் விழுந்தால் என்ன செய்வது? முதலில், ஒன்றும் செய்யாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் பல் வெட்டைக் கெடுக்காது. வழக்கம்போலத் தீட்டிக்கொண்டு வந்தால் சில மாதத்தில் தானே மறையும். பெரிய பல் என்றால், அதன் ஆழத்துக்கு மார்க்கர் பேனாவால் வாய் நெடுகக் கோடு போடுங்கள். கத்தியை நிமிர்த்தி, வாயைக் கீழ்நோக்கிச் சொரசொரப்பான கல்லில் வைத்து, கோடு வரைக்கும் மட்டமாகத் தேயுங்கள். கத்தி மொட்டையாகிவிடும், பயப்பட வேண்டாம். பிறகு இரண்டு பக்கமும் சாய்த்துத் தீட்டிப் புது வாய் எடுங்கள். ஒரு முழுச் சாயங்காலம் போகும். போகட்டும். மொட்டையாக்காமல் சாய்வாகவே தேய்த்துப் பல்லைத் துரத்திக்கொண்டு போனால் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்து வாய் அலையலையாகிவிடும். அதையும் நான் செய்திருக்கிறேன்.

கிரைண்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கையுறை போடாதீர்கள். வெறும் விரல்தான் உங்கள் வெப்பமானி. ஒரு இழுப்பு, ஒரு முக்கு. வாயின் பக்கத்தில் வைத்த விரல் தாங்காவிட்டால் ஏற்கெனவே அதிகம். வாய் நன்றாக மெலியும் முன்னாலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கல்லில் கையால் எடுங்கள்.

நீலம் வந்தே விட்டது என்றால், வெந்த இடத்தைத் தாண்டிக் கல்லில் குளிரக் குளிரத் தேய்த்து இறங்குவது ஒன்றே வீட்டில் செய்யக்கூடியது. எவ்வளவு தூரம் என்பதை அரம் சொல்லும். வேகாத இடத்தில் அரத்தைப் போட்டு அதன் பிடிப்பைப் பாருங்கள், பிறகு வாயில் போடுங்கள். வாயில் அதிகமாகக் கடித்தால் இன்னும் இறங்க வேண்டும். இறங்கினால் கத்தியே மிஞ்சாது என்ற நிலை என்றால் பிடியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி தோய்க்கச் சொல்லலாம். ஆனால் மெல்லிய வாயோடு தோய்க்கும்போது கத்தி கோணிக்கொள்ளலாம், வெடிக்கவும் செய்யலாம். நல்ல பாஸ் அதை முன்கூட்டியே சொல்வார். உத்தரவாதம் தருகிறவரை நான் நம்ப மாட்டேன்.

இந்த மலையில் இதெல்லாம் புது வித்தையும் இல்லை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், ஆயிரம் வருசத்துக்கு முன்பே, மேற்குப் பார்த்த சரிவுகளில் உலை கட்டிப் பருவக்காற்றையே துருத்தியாக்கி உருக்கு எடுத்திருக்கிறார்கள். தோண்டிக் கண்டுபிடித்த அந்த ஆய்வு 1996இல் 'நேச்சர்' இதழில் வந்தது. காற்றைப் பழக்கிச் சூட்டை ஆண்டவர்கள் வாழ்ந்த மலையில், ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு ஐந்து நிமிசத்தில் நான் ஒரு கத்தியைக் கெடுத்தேன்.

ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடுவது

அட்டன் பக்கத்து மழைநாளில் பிடி போட்ட கத்தியை, ஆடிக்காற்று அடிக்கும்போது பண்டாரவளைக்குக் கொண்டுவந்தால் பிடி ஆடும். ஈரத்தில் உப்பியிருந்த மரம் காய்ந்து சுருங்குகிறது. உடனே ஒரு இரவு வாளியில் ஊறப்போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்வார். காலையில் இறுகியிருக்கும், உண்மைதான். ஆனால் உப்பிய மரம் இரும்பில் மோதித் தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. மறுபடி காய்ந்ததும் முன்பைவிடத் தளரும். உள்ளே போகும் வால் பக்கத்தில் துரு வேறு. கண்ணுக்குத் தெரியாமல் அது மெலிந்து, ஒருநாள் ஓங்கும்போது கத்தி தனியாகப் பறக்கும்.

கழற்றுங்கள். வாலின் துருவை எடுங்கள். பிடியை நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள், அடுப்படியில் வேண்டாம், வெடிக்கும். பிறகு அரக்கை உருக்கிச் செங்கல் தூள் கலந்து ஊற்றிச் செருகலாம். அரல்டைட் பசை போட்டாலும் சரிதான். பூண் பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அரக்கு போட்ட கத்தியை அடுப்புக்கு மேலே செருகி வைக்கிற பழக்கம் நம் தோட்டத்து லயன் வீடுகளில் உண்டு. அங்கே அரக்கு இளகும், பிறகு கத்தி சரியில்லை என்போம். புதுப் பிடிக்குக் கொய்யாக் கட்டை நல்லது, நன்றாகக் காய்ந்திருந்தால்.

ஆணி அடித்துப் பிடியை இறுக்குவது

மரம் பிளக்கும்.

வெடிப்பை வெல்டிங் வைத்து மூடுவது

வாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் முதலில் அது கீறலா வெடிப்பா என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்கட்டித் தூளைத் தூவுங்கள். வெடிப்பென்றால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். கீறலில் அப்படி ஊறி வராது.

வெடிப்புத்தான் என்றால், வாயோரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் இருந்தால் பல்லுக்குச் சொன்ன மாதிரித் தேய்த்து எடுத்துவிடலாம். அதைவிட ஆழம், அல்லது பிடியோடு சேரும் மூலையில் இருக்கிறது என்றால் அந்தக் கத்தியை வீசி வெட்டும் வேலைக்கு எடுக்கவே கூடாது. வெல்டிங் வைத்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும். பற்றுக்குப் பக்கத்தில் ஒரு இடம் கண்ணாடியாகவும் இன்னொரு இடம் ஈயமாகவும் ஆகியிருக்கும். எங்கே உடையும் என்பது மட்டும்தான் மாறுகிறது.

கோணலைச் சுத்தியலால் நிமிர்த்துவது

குளிர்ந்த, பதம் போட்ட இரும்பில் செய்தால் இரண்டு கத்தி கிடைக்கும்.

கடையில் காட்டும் முன் கைவைப்பது

புதுக் கத்தியில் பிடி ஆடுகிறது, வாய் ஒரு பக்கம் தடிப்பாக இருக்கிறது என்றால் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் ஒருமுறை டவுனில் வாங்கிய கத்தியை வீட்டில் 'கொஞ்சம் மட்டும்' தீட்டிவிட்டு, அது சரிவராமல் கொண்டுபோனேன். கடைக்காரர் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நீங்க செஞ்ச கோணல், எங்க கோணல் எங்கே?" என்று கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. அடித்த பாஸிடமே நேரே வாங்கியிருந்தால் இன்னும் சுலபம். அவர் தன் தப்பைப் பார்த்த உடனே கண்டுகொள்வார். நாம் அதன்மேல் நம் தப்பையும் ஏற்றி வைத்தால் அவர் எதைத் திருத்துவார்?

அப்பாவின் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர்தான் அதை இறக்கினார், நான்கு ஞாயிறு, கல்லில். மூன்று மில்லிமீட்டருக்குக் கிட்டக் குறைந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெலிமடைத் தம்பியின் கத்தியில் அரம் இன்னும் கடிக்கிறது. அவனையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.