யேல் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் நியூ ஹேவனில் உள்ள யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் அனுமதி இலவசம். பலர் உள்ளே போய் ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கட்டடக் கலைஞர் லூயிஸ் கான் வடிவமைத்து 1953-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடமே ஒரு பெரிய கலைப்பொருள் என்பது என் எண்ணம்.

முதல் தவறு வாசலுக்கு வெளியே, சாப்பல் தெருவிலேயே நடந்துவிடுகிறது. ஜன்னலே இல்லாத செங்கல் சுவரைப் பார்த்து, ஏதோ கிடங்கு என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். சுவரின் குறுக்கே ஓடும் மெல்லிய கல் பட்டைகளைக் கவனியுங்கள். உள்ளே தளங்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதை அவை தெருவில் நிற்பவருக்கே காட்டிவிடுகின்றன. பின்பக்கம் போனால் சுவர் முழுக்கக் கண்ணாடி.

பெரிய தவறு, அண்ணாந்து பார்க்காமல் நடப்பது. கூரை முழுவதும் முக்கோணக் குழிகளாக வார்த்த கான்கிரீட். குழாய்களையும் மின்கம்பிகளையும் மறைக்க நாம் வழக்கமாக ஃபால்ஸ் சீலிங் போடுவோம். கான் அதைப் போடவில்லை. காற்றுக்குழாய்கள் கான்கிரீட்டின் உள்வெற்றிடத்திலேயே ஓடுகின்றன, விளக்குகளும் அந்தக் குழிகளுக்குள்தான். கானுடன் வேலை செய்த ஆன் டிங்குக்கு இத்தகைய வடிவக் கணிதத்தில் இருந்த ஈடுபாட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, அவர் பெயரை விட்டுவிடக் கூடாது. இன்னொன்று, இந்தக் கூரை முழுக்க ஒரு முப்பரிமாணச் சட்டமாக எடை தாங்குகிறது என்று நினைப்பதும் தவறு. பொறியியல் கணக்குப்படி எடை தாங்குபவை சாய்ந்து நிற்கும் விட்டங்கள்.

லிஃப்டை நோக்கிப் போகாதீர்கள். ஒரு கான்கிரீட் உருளைக்குள் படிக்கட்டு முக்கோணமாகச் சுற்றிச்சுற்றி ஏறுகிறது. ஏற முடியாதவர்கள் கீழே நின்று மேலே பார்த்தால்கூட, உச்சியில் தெரியும் முக்கோணமும் அதைச் சுற்றி இறங்கும் வெளிச்சமும் கிடைக்கும்.

அப்புறம், கலைக்கூடம் என்பது இந்த ஒரு கட்டடம் மட்டும் இல்லை. 1866-இன் ஸ்ட்ரீட் ஹால், 1928-இன் பழைய கலைக்கூடம், கானுடையது என மூன்றையும் 2012-இல் முடிந்த புதுப்பிப்பு ஒன்றாக இணைத்தது.

எதிர்ச்சாரியைத் தவறவிடாதீர்கள். அங்கே இருக்கும் யேலின் பிரிட்டிஷ் கலை மையமும் கான் வடிவமைத்ததுதான். 1974-இல் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் நியூயார்க்கில் இறந்துபோனார். மையம் திறந்தது 1977-இல். வெயில் இருக்கும்போதே அங்கே போய், நேராக மேல்தளத்துக்கு ஏறுங்கள். வெளிச்சம் அங்கே கூரை வழியாகத்தான் இறங்குகிறது.