‘ஹார்ட்’ சறுக்கும் இடங்கள்

ஆங்கில நேர்முகப் பரீட்சையில், கடினத்தைக் குறிக்கும் ‘ஹார்ட்’ (hard) என்ற சொல்லோடு வாய்தவறி ஒட்டிவரும் ஒரு ‘லி’ ஆளையே கவிழ்த்துவிடும். ‘ஐ வேர்க் ஹார்ட்லி’ என்றால் கடுமையாக உழைக்கிறேன் என்று அர்த்தமில்லை. பெரிதாக வேலை ஒன்றும் செய்வதில்லை என்றுதான் எதிரில் இருப்பவர் காதில் விழும். ‘ஸ்லோ’ ‘ஸ்லோலி’ ஆவதுபோல இதுவும் ஆகும் என்று நம்புவதால் வரும் வினை. ‘ஹார்ட்’ உருமாறாமலே வினையடையாகவும் நிற்கும்: ‘ஐ வேர்க் ஹார்ட்’. ‘ஹார்ட்லி’ வேறு பொருள் கொண்ட சொல்; ‘இல்லையென்றே சொல்லலாம்’ என்பது அதன் பொருள். உள்ளேயே ஒரு ‘இல்லை’ இருப்பதால் இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. ‘ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர்’ பிழை, ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர்’ சரி.

அடுத்தது, மழைக்குக் காலி வீதி முடங்கும் நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து மனேஜருக்குப் போகும் வட்ஸ்அப்: ‘ஐ ஆம் ஹார்ட் டு கம் டுடே’. ‘எனக்கு இன்றைக்கு வரக் கஷ்டம்’ என்பதில் உள்ள ‘எனக்கு’, ‘ஐ’ ஆகிவிட்டது. அது ‘ஃபோர் மி’ ஆக வேண்டும்: ‘இட் இஸ் ஹார்ட் ஃபோர் மி டு கம் டுடே’. அலுவலகக் கடிதமென்றால் ‘டிஃபிகல்ட்’ இன்னும் பொருந்தும். ஆளை எழுவாயாக வைத்தால் கஷ்டம் மற்றவர் தலைக்குப் போய்விடும். ‘ஐ ஆம் ஹார்ட் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் எனக்கு விளங்கவில்லை என்றல்ல, என்னை விளங்கிக்கொள்வது கஷ்டம் என்று.

சில சொற்களோடு சேரும்போது ‘கஷ்டம்’ என்ற பொருளை மறந்துவிடுவது நல்லது. புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை தேடும் யாரும் ‘கஷ்டமான சாமான்’ என்று நினைப்பதில்லையே! ‘ஹார்ட் வோட்டர்’ வன்னீர்: கல்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த நீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் அள்ளுவது அதைத்தான். சவர்க்காரம் லேசில் நுரைக்காது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். ‘ஹார்ட் கேஷ்’ கையில் எண்ணும் நோட்டும் சில்லறையும். ‘ஹார்ட் கரன்சி’ அதுவல்ல. டொலர், யூரோ போல வெளிநாட்டிலும் நம்பி வாங்கும் நாணயம். ‘ஹார்ட் ஒஃப் ஹியரிங்’ காது மந்தம், ‘ஹார்ட் அப்’ கைமுட்டு. ‘ஹார்ட்-ஹெடட்’ என்பதைத் திட்டு என்று எடுத்துக் கோபித்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம்: பிடிவாதக்காரரையும் சொல்வார்கள், உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் பார்த்து முடிவெடுப்பவரையும் பாராட்டாகச் சொல்வார்கள். கல்நெஞ்சுக்கு ‘ஹார்ட்-ஹார்டட்’.

அங்கேதான் நம் எழுத்தும் காலை வாருகிறது. கடினமும் இதயமும் தமிழில் ஒரே ‘ஹார்ட்’. கடினத்தின் கடைசி ஒலி ‘வண்டி’யில் வரும் டகரம், அதற்கு முன் ‘ஆ’ சற்று நீளும். இதயத்துக்கு ‘பட்டி’யில் வரும் டகரம், ‘ஆ’ சட்டென்று வெட்டுப்படும். ‘ஹார்ட் கொப்பி’, ‘ஹார்ட் அட்டாக்’ இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். ஒன்றுபோலக் கேட்டால் முதலாவதின் ஆகாரத்தை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும்.