வயசாகிப் போய்ச் சேர்ந்த மட்டக்குதிரைய ஞாபகமா வச்சுக்கிறது எப்படி

எங்க வீட்ல பவுனுன்னு ஒரு செவல மட்டக்குதிரை. அரசலாத்துக் கரை ஊரு எங்களுது, கும்பகோணத்துல ஜட்கா வண்டி ஓடிட்டிருந்த கடைசி காலத்துல அப்பா வாங்கிட்டு வந்தது, அப்புறம் ஆட்டோ வந்து சவாரி நின்னு போச்சு, வண்டிய வித்துட்டாங்க, பவுன மட்டும் விக்க மனசு வரல. 29 வருஷம் எங்க கொல்லையிலயே இருந்துச்சு. வர்றப்பவே ரெண்டு மூணு வயசு, அப்ப 31 தாண்டித்தான் போயிருக்கு. குதிரைக்கு பொதுவா 25லேர்ந்து 30 வயசுன்னு சொல்லுவாங்க, மட்டக்குதிரைங்க நல்லா பாத்துக்கிட்டா அதத் தாண்டியும் இருக்கும். இங்கிலாந்துல ஓல்டு பில்லின்னு ஒரு குதிரை, கால்வாய்ல படகு இழுத்தது, 1760ல பொறந்து 1822 வரைக்கும் 62 வருஷம் இருந்துச்சுன்னு கணக்கு, அதோட மண்டையோட்ட மான்செஸ்டர் மியூசியத்துல இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க. நம்மால அப்படியெல்லாம் முடியாது, ஆனா நம்மளாலயும் செய்ய முடிஞ்சது நெறைய இருக்கு, அதச் சொல்லத்தான் இத எழுதுறேன்.

குதிரைக்கு வயசாயிடுச்சுன்னா ஞாபகத்துக்கான வேலைய இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க, செத்ததுக்கப்புறம் ஆரம்பிக்காதீங்க. ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். சுழி எங்கெங்க இருக்குன்னு எழுதுங்க, நெத்தியில ஒன்னா ரெண்டா, கண்ணுக்கு மேலயா கீழயா, கழுத்துல இருக்கா. வாங்கும்போது ராசி பாக்க சுழி பாப்போம்ல, ஆனா ரெண்டு குதிரைக்கு சுழி அப்படியே ஒத்துப் போறது அபூர்வம், நம்ம கைரேக மாதிரி, அதனாலதான் வெளிநாட்டுல குதிரைக்கு பாஸ்போர்ட் போடும்போது சுழியையும் குறிச்சுக்கிறாங்க. எந்தக் குளம்பு கருப்பு எது வெள்ளை, சேணம் ஒரசி வெள்ளமுடி மொளச்ச எடம், காதுல கிழிசல், எல்லாத்தையும் எழுதுங்க. வயசு தெரியாத குதிரைன்னா பல்லு பாருங்க, மேல் வரிசை முன்பல்லுல கடைசி ஓரத்துப் பல்லுல 10 வயசு வாக்குல ஈறுகிட்ட ஒரு கோடு எறங்க ஆரம்பிக்கும், 15ல பாதி, 20ல முழுசா எறங்கிடும், அப்புறம் மேலேர்ந்து அழிஞ்சுகிட்டே வரும், 30 வாக்குல கோடே இருக்காது. தோராயந்தான், ஆனா நோட்டுல எழுத ஒரு வயசு கெடைக்கும்.

போட்டோ நின்னபடி மேலேர்ந்து எடுக்காதீங்க, குதிரை கண்ணு மட்டத்துக்கு குனிஞ்சு காலை வெயில்ல எடுங்க, ரெண்டு பக்கமும் தனித்தனியா, நாலு காலும், முகம் நேரா ஒன்னு. கனைப்ப ரெக்கார்டு பண்ணுங்க. எங்க பவுனுக்கு கடைசி நாலஞ்சு வருஷம் பல்லு தேஞ்சு போச்சு, கொள்ள ஊற வச்சு வேக வச்சு மசிச்சு தவிட்டோட கஞ்சியா குடுப்போம், அத வாளியில ஊத்தற சத்தம் கேட்டதும் நெஞ்சுக்குள்ளயே ஒரு சத்தம் போடும், வாயே தெறக்காது, மூக்கு மட்டும் துடிக்கும். அது எங்ககிட்ட ரெக்கார்டா இல்ல. போன் ரிப்பேருக்குக் குடுத்த எடத்துல எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்துட்டாங்க, போட்டோ மட்டும் தங்கச்சி போன்ல கொஞ்சம் இருந்துச்சு. அதனால ரெண்டு எடத்துல சேவ் பண்ணி வைங்க, நாலஞ்சு போட்டோவ பிரிண்ட் போட்டு வைங்க.

அப்புறம் அந்த நாளு. படுத்த குதிரை எந்திரிக்க முடியாம தவிச்சா டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க, ஊசி போட்டு அனுப்பி வைக்கிறது பாவம்னு நெனச்சு நாலு நாள் துடிக்க விடாதீங்க. ஊசி போட்டிருந்தா மருந்து ஒடம்புலயே இருக்கும், நாய் தின்னா நாயும் போயிடும், அதனால ஆழமா பொதைக்கணும். திடீர்னு செத்து மூக்கு வாய்ல ரத்தம் கசிஞ்சிருந்தா கிட்டயே போகாதீங்க, அடைப்பான் நோயா (ஆந்த்ராக்ஸ், மனுஷங்களுக்கும் தொத்தும்) இருக்கலாம், மொதல்ல கால்நடை டாக்டர்தான் வரணும், முடி எடுக்கிறது கட்டிப் பிடிக்கிறது எதுவும் கூடாது.

நம்ம டெல்டாவுல பொதைக்கிறதுதான் கஷ்டமான வேல. ஜூன் 12 வாக்குல மேட்டூர் தெறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா பல எடத்துல நாலடி தோண்டுனாலே ஊத்து வந்துடும், ஐப்பசி கார்த்திகைல கேக்கவே வேணாம். நாங்க மொதல்ல வாய்க்கா ஓரமா தோண்டுனோம், அது பச்சப் புல்லு மேயற எடம்னு ஆசப்பட்டு, அரை மணி நேரத்துல குழி பூரா தண்ணி, அழுதுகிட்டே மூடுனோம். அதனால மேடான திடல முன்னாடியே பாத்து வைங்க, கெணறு, போர், வாய்க்கா, குளம் எதுக்கும் பக்கத்துல வேணாம், ஆத்துப் படுகை வேணவே வேணாம், வெள்ளம் வந்தா அரிச்சுடும். ஊராட்சியில ஒரு வார்த்த சொல்லிடுங்க. மட்டக்குதிரைக்கு ஏழடி நீளம், அஞ்சடி அகலம், ஆறடிக்குக் கொறையாத ஆழம், ஒடம்புக்கு மேல மூணடி மண்ணாவது நிக்கணும், ஜேசிபி இல்லாம ஆகாது. ரெண்டு மூணு மணி நேரத்துல ஒடம்பு வெறைக்க ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள கால மெதுவா மடக்கி வச்சுடுங்க, தூங்குற மாதிரி இருக்கும். சுத்தி நிக்கிறவங்களுக்கும் அது ஆறுதலு. மால போடுறது, சாம்பிராணி காட்டுறது, பால் ஊத்துறது, உங்க வீட்டு வழக்கம் எதுவோ செய்ங்க, குதிரைக்குப் போயி இதெல்லாமான்னு கேக்கறவங்கள கண்டுக்காதீங்க.

கூட இருந்த ஆடு மாடு இன்னொரு குதிரை இருந்தா ஒடம்ப மோந்து பாக்க விடுங்க, இல்லன்னா பல நாள் தேடித் தேடிக் கத்தும். பிள்ளைங்ககிட்ட வித்துட்டோம்னு பொய் சொல்லாதீங்க, என்னைக்காவது திரும்பி வரும்னு வாசல் பாத்துக்கிட்டே இருக்கும்ங்க.

மூடுறதுக்கு முன்னாடி வால் முடி எடுங்க, மேல தெரியுற முடிய வெட்டாம அடிப் பக்கத்துல ஒரு வெரல் கனம் புடிச்சு ரெண்டு எடத்துல நூல் கட்டிட்டு வெட்டுங்க, கட்டாம வெட்டுனா செதறிடும். ஷாம்பு போட்டு அலசி நெழல்ல ரெண்டு நாள் நல்லா காய வச்சு பின்னி பருத்தித் துணியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டா நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்ச புடிச்சிடும், கூட காஞ்ச வேப்பெலயும் கற்பூரமும். லாடம் இருந்தா கழட்டி வாங்கிக்குங்க, மண்ணெண்ணெயில ஒரு நாள் ஊறப் போட்டு கம்பி பிரஷ்ல தேச்சு எண்ணெ தடவி வச்சா துரு ஏறாது, நிலைப்படியில அடிக்கிறதுன்னா மேல வார்னிஷ் ஒரு கோட்டு. ஆணி துளையில மாட்டியிருக்கிற பழைய ஆணியப் புடுங்கிடாதீங்க, எங்க வீட்டு லாடத்துல ரெண்டு வளஞ்ச ஆணி அப்படியே இருக்கு, அத தொட்டாலே பவுனு காலத் தூக்கிக் குடுக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

மரம் வைக்கிறவங்க அவசரப்படாதீங்க, மண்ணு எறங்கும், ஒரு மழைக்காலம் போகட்டும், பள்ளம் விழுந்தா மண்ணு கொட்டி மேடாக்கிட்டு அப்புறம் வைங்க. புங்கை, மகிழம், பவழமல்லி எது வேணா. அரளி மட்டும் வைக்காதீங்க, சாமிக்கு உகந்த பூவா இருந்தாலும் குதிரை மாடு தின்னா உயிருக்கே ஆபத்து, இன்னொரு மட்டக்குதிரை அந்தப் பக்கம் மேய வரலாம்ல.

வருஷா வருஷம் என்ன செய்யலாம்னா, மாட்டுப் பொங்கலுக்கு அதோட கழுத்து மணிய கழுவி பொட்டு வச்சு மாட்டோட சேத்து படையல் போடுங்க. இறந்த திதிக்கு அகத்திக்கீரை வாங்கி கோயில் பசுவுக்குக் குடுக்கலாம், பக்கத்துல குதிரை வச்சிருக்கிறவங்க இருந்தா ஒரு மரக்கா கொள்ளு குடுங்க, எங்கம்மா அதத்தான் செய்றாங்க, அந்தக் குதிரை திங்கிறத ஓரமா நின்னு பாத்துட்டு வருவாங்க.

எனக்கு மனசு நெறஞ்சது மண்குதிரையிலதான். ஊரு எல்லையில அய்யனார் கோயில் இருந்தா பூசாரிகிட்ட கேட்டுட்டு, உங்க குதிரை பேர்ல ஒரு பொரவி செஞ்சு வைங்க. மண்குதிரை செய்யுற வேளார்கிட்ட தை மாசி வாக்குலயே சொல்லிடணும், மழை நாள்ல களிமண்ணு காயாது, சரியா காயாம சூளையில வச்சா வெடிச்சிடும். முழு உயரத்துல கேக்காதீங்க, மூணடி போதும். அவரு பொதுவான குதிரைதான் செய்வாரு, நீங்க பக்கத்துல இருந்து சொன்னாத்தான் அது உங்க குதிரையாகும். எங்க வேளார் தலைய வச்சு முடிச்சுட்டு, காது ஒன்னு கிழிஞ்சிருக்கும்னு சொன்னீங்களே எந்தக் காதுன்னு கேட்டாரு. இடதுன்னேன், அப்பா வலதுன்னாரு, அம்மாவுக்கு தெரியல. 29 வருஷம் தடவுன காது. நோட்டு வீட்ல இருந்துச்சு, சைக்கிள எடுத்துட்டுப் போயி கொண்டாந்து பாத்தோம், வலது காது, நுனிக்கு ஒரு வெரல் கீழன்னு என் கையெழுத்துலயே இருந்துச்சு. அவரு தண்ணியத் தொட்டுக்கிட்டு, ஈர மண்ணுல கட்டவெரல் நகத்தால அந்த எடத்துல ஒரு கீறல் போட்டாரு.