முதன்முறை உல்லாசக் கப்பல் ஏறுவோருக்கு: கப்பலில் ஒரு நாளைக் கழிப்பது எப்படி?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் எம்.வி. எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் எழுந்த முதற்கேள்வி, அதற்குள் இருப்பவர்கள் நாள் முழுவதும் என்னதான் செய்வார்கள் என்பதே. யாழ்ப்பாணத்தவரான நமக்குக் கடற்பயணம் என்றால் குறிகட்டுவான் துறையில் ஏறி அருகிலுள்ள நயினாதீவில் இறங்குவது. படகு வெறும் வழி. உல்லாசக் கப்பலிலோ கப்பலே ஊர். அந்த ஊருக்கென்று தனி நேரமும் தனிப் பணமும் தனி ஒழுங்கும் உண்டு. கனடாவில் வாழும் அக்கா குடும்பத்தினருடன் சிங்கப்பூரில் ஒன்றுகூடி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் சென்று திரும்பும் பயணமொன்றை அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேற்கொண்ட அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

படி 1: அறையையும் மாதத்தையும் தெரிவுசெய்தல்

அறைகள் பொதுவாக நான்கு வகைப்படும்: யன்னல் இல்லாத உள்ளறை, யன்னல் உள்ள அறை, பல்கனி அறை, பெரிய சொகுசறை. பகலில் அறைக்குள் இருக்கப்போவதில்லை என்பவர்களுக்கு உள்ளறையே போதும். ஆனால் அறை எங்கே அமைந்திருக்கிறது என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். அலையில் கப்பலின் அணியமும் பின்பகுதியும்தான் அதிகம் ஏறி இறங்கும்; நடுப்பகுதியின் கீழ்த்தளங்களில் ஆட்டம் மிகக் குறைவு. தலைச்சுற்று வருபவர்கள் கூடுதல் பணம் கொடுத்து உயரத்திலுள்ள பல்கனி அறையை வாங்குவது, பணம் கொடுத்து வருத்தத்தை வாங்குவதாகவே முடியும்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும் வழியிலுள்ள மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமாத்திராவாலும் மறுபக்கம் மலாயாத் தீபகற்பத்தாலும் மறைக்கப்பட்டிருப்பதால் அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவில் செல்லும் பயணமாயின், தென்மேற்குப் பருவக்காற்றான சோளகமும் வடகிழக்குப் பருவக்காற்றான வாடையும் பலமாக வீசும் மாதங்களைத் தவிர்த்து, மாசி முதல் சித்திரை வரையான காலத்தைத் தெரிவுசெய்வது நல்லது.

கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா தேவையா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அக்காவின் கனடாக் கடவுச்சீட்டுக்குத் தேவைப்படாத விசா நமது கடவுச்சீட்டுக்குத் தேவைப்படலாம். கரையில் இறங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், விசா இல்லாதவரைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

படி 2: கைப்பையை ஆயத்தம் செய்தல்

பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலிலேயே அறை இலக்கச் சீட்டு ஒட்டி ஒப்படைத்துவிடுவோம். அவை அறைக் கதவடிக்கு வந்து சேரச் சில மணித்தியாலங்கள் ஆகும். ஆகவே குளிசைகள், கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். அயன், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல், மெழுகுதிரி ஆகியவற்றைத் தீ அபாயம் கருதிப் பறித்து வைத்துவிடுவார்கள். கற்பூரமும் சாம்பிராணியும் அப்படியே. அம்மா திருநீற்றுடனும் ஒரு சிறிய அம்மன் படத்துடனும் திருப்திப்பட்டுக்கொண்டார்.

படி 3: ஏறிய முதல் இரண்டு மணித்தியாலங்கள்

ஏறும்போது ஓர் அட்டை தருவார்கள். அறைத் திறப்பும் அடையாள அட்டையும் பணப்பையும் அதுவே. கப்பலுக்குள் காசு கைமாறுவதில்லை. வாங்குவதெல்லாம் அட்டையில் பதிவாகி, கடைசி நாளில் கடனட்டையில் கழிக்கப்படும். சில கப்பல்களில் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கான பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், அட்டையில் குறிப்பிட்டுள்ள கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். 2012 ஜனவரியில் கொஸ்டா கொன்கோடியா இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 முதல் நடைமுறையில் உள்ளது. அறையிலிருந்து கூடுமிடத்துக்கு மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். முதியவர்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

படி 4: அறையோடு பழகுதல்

அறை சிறியது; குளியலறை அதைவிடச் சிறியது. கழிப்பறை காற்றை உறிஞ்சி இயங்குவது, ஆதலால் மூடியை மூடிய பின்பே பொத்தானை அழுத்துங்கள். காகிதத்தைத் தவிர வேறெதையும் உள்ளே போட்டால் அயல் அறைகளும் சேர்ந்து அவதிப்படும். கழிப்பறையில் கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது என்பதால் ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளை கொண்டுபோவது நம்மவர்க்குப் பேருதவி. தோய்த்த உடுப்பைப் பல்கனியில் காயவிட அனுமதியில்லை. குளியலறையில் அதற்கென ஒரு கொடி இருக்கும்.

கைபேசியை ஃபிளைட் மோடில் வையுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசை செய்மதி வழியாக இயங்குவதால், தெரியாமல் எடுத்த ஓர் அழைப்பே பெருந்தொகையில் வந்து நிற்கும்.

படி 5: உண்ணுதல்

பஃபே கூடத்தில் கோப்பையை எடுப்பதற்கு முன் வெறுங்கையுடன் ஒருமுறை முழுவதும் சுற்றி வாருங்கள். நாங்கள் முதல் நாள் வாசலருகே இருந்த பாணாலேயே வயிற்றை நிரப்பிவிட்டு, கூடத்தின் மறுகோடியில் சோறும் பருப்பும் இருப்பதை எழும்பிப் போகும்போதுதான் கண்டோம். மரக்கறி உணவு மட்டும் உண்பவர்கள் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லி, ஏறியதும் பிரதான உணவுக்கூடத்தில் மீண்டும் நினைவூட்டுங்கள். கேட்டால் தனியாகச் சமைத்துத் தருவார்கள்; கேட்காமல் அவர்களுக்குத் தெரியாது.

பஃபேயும் பிரதான உணவுக்கூடமும், தண்ணீர், தேநீர், கோப்பி ஆகியவையும் வழமையாகக் கட்டணத்துள் அடங்கும். சோடா, மதுபானம், சிறப்பு உணவகங்கள், இணையம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். பல கப்பல்களில் ஊழியர்களுக்கான சேவைப்பணமும் ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கில் சேரும். பயணச்சீட்டின் விலையோடு இதையும் கூட்டிப் பார்த்தே செலவைக் கணக்கிடுங்கள்.

உண்ணுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றோட்டத்தைப் பரப்பும் நொரோ வைரசுக்கு, வாசலில் தெளிக்கும் அற்ககோல் திரவம் மட்டும் போதாது.

படி 6: கடலில் ஒரு முழுநாள்

முதல்நாள் இரவே மறுநாளின் நிகழ்ச்சிநிரல் தாளாகவோ செயலியிலோ வந்துவிடும். அதில் இரண்டு மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஓடுபவர்கள் மாலையில் களைத்துச் சினந்துகொண்டிருப்பார்கள். அதிகாலையில் மேல்தளத்தில் நடை, பத்து மணிக்கு முன் நீச்சற்குளம், வெயில் ஏறியதும் நிழலில் ஒரு கதிரை, இரவில் அரங்க நிகழ்ச்சி என்று ஒரு நாள் இயல்பாகவே நகரும். அம்மா செய்ததெல்லாம், ஐந்தாம் தளத்தின் யன்னலோரம் அமர்ந்து பிளேன்டீயுடன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததே. எங்களில் அதிகம் ஓய்வெடுத்தவர் அவர்தான்.

தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் திறந்த தளத்துக்குச் சென்று அடிவானத்தைப் பாருங்கள். காது உணரும் ஆட்டத்தைக் கண்ணும் காணும்போது குழப்பம் குறையும். குளிசை தேவையெனில் வைத்தியரிடம் முன்னரே கேட்டு, ஆட்டம் தொடங்குமுன் எடுக்க வேண்டும்.

படி 7: துறைமுகத்தில் இறங்குதல்

இங்கேதான் நேரம் ஆளை ஏமாற்றும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கினால், புக்கெட்டின் நேரம் அதைவிட ஒரு மணித்தியாலம் பின்தங்கியது. கரையில் கைபேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பி ஐந்து மணியென நினைத்து வந்தால், கப்பலில் ஆறு மணி. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கப்பல் நேரத்துக்கு ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வதே என் தீர்வு.

பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுன் நகரத்தோடு ஒட்டிய துறையிலேயே கட்டப்படுவதால், குயீன் வீதியில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போகலாம். கட்டணச் சுற்றுலா தேவையில்லை. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பட்டோங் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுச் சிறுபடகுகளில் ஆட்களை இறக்குவதுண்டு. நயினாதீவுப் படகில் ஏறிப் பழகியவர்களுக்கு அது புதிதல்ல, எனினும் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தே திரும்பும் நேரத்தைக் கணியுங்கள்.

படி 8: கடைசி இரவு

நிறச்சீட்டுக் கட்டிய பெட்டிகளை இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள்; ஊழியர்கள் எடுத்துச்சென்று விடுவார்கள். மறுநாள் உடுக்கும் உடுப்பையும் பாதணியையும் முதலில் எடுத்து வைத்துவிட்டே பெட்டியைப் பூட்டுங்கள். நான் அதை மறந்து, அத்தானின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, அதை இரு கையாலும் பிடித்தபடி சிங்கப்பூர்க் குடிவரவு வரிசையில் நின்றேன். அன்றிரவே கணக்கைப் பார்த்து, தவறிருந்தால் வரவேற்பு மேசையில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். காலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும்.

இறங்கிய பின்னும் ஓரிரு நாள்களுக்குத் தரை ஆடுவதுபோல் தோன்றலாம். அது தானாகவே தீர்ந்துவிடும்; அதுவரை மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டாம்.