பழைய மியூசிக் பேண்டின் கேசட்டைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவது எப்படி

வட சென்னை என்றாலே கானாதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கானா பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பெரம்பூர், ராயபுரம் பக்கம் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிதாரும் டிரம்ஸும் சகஜம். அவர்களோடு நம் பையன்களும் சேர்ந்து எண்பதுகளில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சர்ச் ஹாலிலும் கல்யாண வீட்டிலும் வாசித்தார்கள். படத்தில் வராத பாட்டு என்பதால் யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. இப்போது அப்படி ஒரு பேண்டின் பாட்டு போனுக்குப் போன் சுற்ற, கல்லூரிப் பிள்ளைகள் கேசட்டோடு என் சர்வீஸ் கடைக்கு வருகிறார்கள். “அண்ணே, இதை எம்பி3 ஆக்கித் தாங்க.” ஆக்கலாம், நீங்களே செய்யலாம்.

கேசட் கைக்கு வந்ததும் பிளே பட்டனைத் தொடாதீர்கள். மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் முதலில் உடைத்துவிடுங்கள். வீட்டில் பதிந்த கேசட்டில் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். கை தவறி ரெக்கார்டு அமுங்கினால் இருக்கிற ஒரே பிரதியும் போச்சு. வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது, விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவை அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தால் வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

கேசட் ஓட்டும் டெக்கை, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரியுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சுக் குச்சியால், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள்.

இனிமேல்தான் அசல் வேலை. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஹெட்டின் சாய்வு அதன் கையில். பதிந்த டெக்கின் சாய்வு வேறு, உங்களுடையது வேறு. அதனால்தான் பல கேசட் மந்தமாகக் கேட்கிறது, நாடா கெட்டுப்போய் அல்ல. பாட்டை ஓடவிட்டு, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத் தட்டு, போர்வையை உதறிவிட்டு எழுந்த மாதிரி ‘ட்ஸ்’ என்று கூர்மையாகும். அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த கேசட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகாதீர்கள், ஒலி பிளறும். டெக்கின் பின்னால் ஒலி வெளியே வரும் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக எடுங்கள். பதிய இலவச மென்பொருள் ஆடாசிட்டி போதும்: 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், வேவ் ஃபைல், உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். முழுப் பக்கத்தையும் வெட்டாமல் பதியுங்கள். பாட்டுக்கு நடுவே பேசுவதும் திட்டுவதும்கூட இருக்கட்டும். யார் வாசித்தது என்பது பல சமயம் அதில்தான் கிடைக்கும்.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி. பேண்டில் கேசியோ கீபோர்டு இருந்ததா? அதன் சுருதி கிதார் மாதிரி சுலபத்தில் இறங்காது. அதில் நீளமாகப் பிடித்த ஒரு சுரத்தை போனில் உள்ள டியூனர் (சுருதி பார்க்கும்) ஆப்பில் காட்டுங்கள். விலகி இருந்தால் சுருதியை மட்டும் மாற்றாமல், வேகத்தோடு சேர்த்துத் திருத்துங்கள்.

இரைச்சலை வழித்து எடுக்கிற ஆசைதான் எனக்குப் பிடிக்காதது. இரைச்சலோடு டிரம்ஸின் உயிரும் போகும். கொஞ்சம் குறைத்தால் போதும். தொடாத மூல ஃபைலைத் தனியாக வையுங்கள்.

அப்புறம், வெளியிடுமுன் ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரித்தவருக்கு. வெளியானதிலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி, எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு, அதாவது வாரிசுகளிடம் போக வேண்டும். அடுத்தவர் பாட்டை வாசித்திருந்தால் அதற்குத் தனி அனுமதி. உயிரோடு இருப்பவர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்து, யாருக்கு எத்தனை பங்கு என்று காகிதத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு பதிவேற்றலாம்.